மேட்டில் மின் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின் சைக்கிள் வாங்கி ஆறு வாரம் ஆகிறது. நான் தினமும் போய்வரும் வழியில் சமதளம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ஒன்று ஏற வேண்டும், இல்லாவிட்டால் இறங்க வேண்டும். வழியில் பார்க்கிறவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள், தெரிந்தவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆறு வாரம் ஓட்டியவன், கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தவன், அவ்வளவுதான்.

இது பைக்கா, சைக்கிளா?

சைக்கிள். நம் பேச்சில் பைக் என்றாலே மோட்டார் சைக்கிள் என்று ஆகிவிட்டதால், ‘எலக்ட்ரிக் பைக் வாங்கியிருக்கிறேன்’ என்று நான் சொன்ன அன்றைக்கே குழப்பம் ஆரம்பித்துவிட்டது. இதில் பெடல் இருக்கிறது, செயின் இருக்கிறது, மிதித்தால்தான் போகும். மிதிக்கும்போது மோட்டாரும் கூடச் சேர்ந்து உழைக்கும். கால் நின்றால் அதுவும் நின்றுவிடும். சில மாடல்களில் கையால் திருகும் ஆக்சிலேட்டரும் உண்டு. என்னுடையதில் இல்லை.

ஒரு கூடுதல் தகவல்: இது நேற்று முளைத்த யோசனை இல்லை. பின்சக்கரத்துக்குள் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு ஆக்டன் போல்டன் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1895இல். மிதிக்கிறவரின் அழுத்தத்துக்கு ஏற்ப மோட்டார் உதவும் சைக்கிளை யமஹா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1993இல். இடையில் இருந்த நூறு வருஷமும் நல்ல பேட்டரிக்காகக் காத்திருந்த காலம் என்றே சொல்லலாம்.

முதல் நாள் மேட்டில் ஏறியபோது எப்படி இருந்தது?

என் வழியில் ஒரு மதகு இருக்கிறது. பழைய சைக்கிளில் அந்த மதகு வந்ததும் இறங்கித் தள்ள ஆரம்பிப்பேன், வருஷக்கணக்கான பழக்கம். அன்றைக்கும் மதகு வந்தது. வலது கால் தானாகவே பெடலை விட்டு இறங்கப் பார்த்தது. சைக்கிளோ நிற்கிற வேகத்தில் இல்லை, மதகைத் தாண்டிப் போய்விட்டது. அந்த இடத்துக்கு மேல் இருக்கும் சாலையை, ஏறும்போது சீட்டில் உட்கார்ந்தபடி பார்த்தது அதுதான் முதல் தடவை.

மின் சைக்கிள் ஓட்டியவர்கள் பலரும் ‘யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போல’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேடு கொஞ்சம் படுத்துக்கொண்டது போல இருந்தது. காலில் அழுத்தம் தெரிகிறது, மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சரிவும் காலுக்குத் தெரிகிற சரிவும் ஒத்துப்போகவே இல்லை. கூடவே ஒரு மெல்லிய ரீங்காரம். மேடு செங்குத்தாக ஆக அந்தச் சத்தமும் கனக்கும். இரண்டு நாளில் காது பழகிவிட்டது. இப்போது கியர் மாற்ற வேண்டுமா என்பதையே அந்தச் சத்தம்தான் சொல்கிறது.

சந்தோஷம் நீடித்தது இரண்டாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும். எதிரே லாரி வந்தது, ஒதுங்கி நின்றேன். திரும்பக் கிளம்ப முடியவில்லை. சமதளத்தில் வேகமாகப் போவதற்கான கியரிலேயே ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன். மோட்டார் இருக்கும் தைரியத்தில் கியரை மறந்துபோனேன். எழுந்து நின்று மிதித்தால் பெடல் அரைச் சுற்று வருகிறது, அதற்குள் சைக்கிள் பின்னால் உருளப் பார்க்கிறது. மூன்று தடவை முயன்றுவிட்டு, 25 கிலோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வளைவைக் கடந்தேன். வாங்கிய முதல் நாளே.

மோட்டார் உண்மையில் எவ்வளவு பாரத்தைச் சுமக்கிறது?

நான், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ. 8 சதவீத ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது 100 மீட்டர் முன்னால் போனால் 8 மீட்டர் மேலே போகும் சாலை. அதில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏற ஏறக்குறைய 380 வாட் வேண்டும். அதில் 330 வாட் எடையைத் தூக்குவதற்கே போய்விடும். டயர் உராய்வும் எதிர்க்காற்றும் மீதியைத் தின்னும்.

என்னைப் போலப் பயிற்சி இல்லாத ஆள் தொடர்ந்து கொடுக்க முடிந்தது 100 முதல் 150 வாட் வரைதான். 120 என்று வைத்தால், மோட்டார் இல்லாமல் அதே மேட்டில் மணிக்கு 5 கி.மீ. போகலாம். நடக்கிற வேகம். அந்த வேகத்தில் சைக்கிளை நேராகப் பிடிப்பதே பெரும்பாடு, ஹேண்டில் பார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். மதகில் நான் இறங்கியதற்குக் கால் வலி மட்டும் காரணம் இல்லை என்று இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் புரிந்தது.

ஆக, அந்த 380 வாட்டில் மூன்றில் இரண்டு பங்கு மோட்டாருடையது. மீதி உங்களுடையது. அது இல்லாமல் ஓடாது.

‘250 வாட்’ என்று போட்டிருக்கிறதே, மேட்டுக்குப் போதுமா?

அந்த 250 என்பது மோட்டார் நிறுத்தாமல் ஓடும்போது அளவுக்கு மீறிச் சூடாகாமல் தாங்கும் திறன். ஐரோப்பிய விதிப்படி மிதித்தால் உதவும் சைக்கிளுக்கு அதுதான் வரம்பு. மணிக்கு 25 கி.மீ. தொட்டதும் உதவி நிற்க வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. அதே மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு 500 வாட்டும் அதற்கு மேலும் கொடுக்கும். அதனால் ஸ்டிக்கரில் இருக்கும் வாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

மேட்டில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருகும் பலம். நியூட்டன்-மீட்டரில் சொல்வார்கள். பெடல் அச்சில் இருக்கும் மோட்டார்களில் 50 முதல் 90 வரை பார்க்கலாம். சக்கரத்தில் இருக்கும் மோட்டாரின் எண்ணை இதோடு நேராக ஒப்பிட முடியாது; ஒன்று கியர் வழியாகப் போகிறது, இன்னொன்று சக்கரத்தை நேரடியாகச் சுழற்றுகிறது. 25 கி.மீ. வரம்பு சமதளத்தில் சிலருக்கு எரிச்சலாக இருக்கும். மேட்டில் அந்த வேகத்தை யார் தொடப்போகிறார்கள்?

சக்கர மோட்டாரா, நடு மோட்டாரா?

மேடுதான் உங்கள் அன்றாடம் என்றால் நடு மோட்டார். காரணம் எளிது. மோட்டாருக்கும் மனிதக் கால் மாதிரிதான். ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் சுகம். நடு மோட்டார் பெடல் அச்சில் இருப்பதால் நீங்கள் போடும் கியர் அதற்கும் சேர்த்துத்தான். சைக்கிள் மெதுவாக ஏறினாலும், சின்ன கியரில் (மேடு ஏறுவதற்கான லேசான கியர்) மோட்டார் தன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்.

சக்கர மோட்டாருக்கு அந்த வசதி இல்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். அப்படி முக்கி முக்கிச் சுற்றும்போது பேட்டரி கொடுப்பதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். நீளமான செங்குத்து ஏற்றத்தில் சூடு எல்லை மீறினால் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். எங்கே குறையும்? மேட்டின் மிக மோசமான இடத்தில்தான்.

அதற்காகச் சக்கர மோட்டார் மட்டம் என்று சொல்லமாட்டேன். விலை குறைவு, செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயாது, சின்னச் சின்ன மேடுகளை வேகத்தோடு வந்து தாண்டிவிடும். ஏற்கெனவே அதை வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒன்றே ஒன்று: மேட்டில் வேகத்தைச் சாகவிடாதீர்கள். நீங்களும் சேர்ந்து நன்றாக மிதியுங்கள்.

கியர் எப்படிப் போடுவது?

மேடு வருவதற்கு முன்னால் போட வேண்டும். சாதாரண சைக்கிளில் இதைத் தாமதமாகச் செய்தால் கால் உடனே திட்டும், அதனால் தானாகவே கற்றுக்கொள்வோம். மின் சைக்கிளில் மோட்டார் சமாளித்துக்கொண்டே இருப்பதால் தப்பு உறைக்காது. உறைக்கும்போது நீங்கள் வளைவில் நின்றிருப்பீர்கள், என்னைப் போல.

நிமிஷத்துக்கு 70 முதல் 90 சுற்று மிதிப்பது நடு மோட்டாருக்குப் பொருத்தமான வேகம். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்; கால் கொஞ்சம் அவசரமாகச் சுற்றுவது போலத் தோன்றினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். அழுத்தி மிதித்துக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றாதீர்கள். உங்கள் காலின் பலத்தோடு மோட்டாரின் பலமும் அந்த ஒரே செயினில்தான் ஓடுகிறது. அந்த நேரத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவச் சொன்னால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், வயிற்றைப் பிசையும். செயின் அறுவதற்கும் பல் மழுங்குவதற்கும் அதுவே வழி. மாற்றும் அந்த அரை நொடி மட்டும் காலைத் தளர்த்துங்கள். மிதிப்பதை நிறுத்த வேண்டாம், அழுத்தத்தை மட்டும் குறைத்தால் போதும். மாற்றிவிட்டு மறுபடி அழுத்தலாம். இது கைவர எனக்கு ஒரு வாரம் ஆனது.

மேட்டில் நின்றுவிட்டால் எப்படிக் கிளம்புவது?

நிற்பதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். மறந்துவிட்டால், பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் சுற்றிக் கியரை மாற்றலாம். 25 கிலோவைத் தூக்க இன்னொரு ஆள் இருந்தால் நல்லது. மோட்டாரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், விரல் மாட்டும்.

கிளம்பும்போது இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஒரு பெடலை மேலே, கொஞ்சம் முன்பக்கமாகக் கொண்டுவந்து வையுங்கள். சீட்டில் உட்கார்ந்து, உடம்பை முன்னால் சாய்த்து, மிதிக்கும் அதே கணத்தில் பிரேக்கை விடுங்கள். முன்னால் சாய்வது வெறும் அழகுக்காக இல்லை. செங்குத்தான இடத்தில் மோட்டார் திடீரென்று இழுத்தால் முன்சக்கரம் லேசாகத் தூக்கும், கேரியரில் சுமை இருந்தால் இன்னும் தூக்கும்.

இதில் சென்சாருக்கும் பங்கு உண்டு. மலிவான மாடல்களில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் சென்சார் இருக்கும். கால் அரைச் சுற்று போன பிறகுதான் அதற்கு விஷயம் தெரியும், அப்புறம் ஒரேயடியாக இழுக்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை அளக்கும் சென்சார் கால் வைத்ததுமே உதவும், அழுத்தத்துக்கு ஏற்ற அளவில் உதவும். சமதளத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேட்டில் கிளம்பும்போதும் கொண்டை ஊசி வளைவிலும் இரண்டும் இரண்டு வண்டி.

ஒரு சார்ஜில் எத்தனை கி.மீ. போகும்?

எல்லோரும் கேட்பது இதைத்தான். மேட்டுக்காரர்கள் இப்படிக் கேட்கவே கூடாது. ‘எத்தனை மீட்டர் உயரம் ஏறும்?’ என்று கேட்க வேண்டும்.

100 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 27 வாட்-மணி வேண்டும் (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் செலவானால் ஒரு வாட்-மணி). இது இயற்பியல், எந்தக் கம்பெனி சைக்கிளாக இருந்தாலும் மாறாது. மோட்டாரும் மின்சுற்றும் பேட்டரியிலிருந்து எடுப்பதில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் சக்கரத்துக்குப் போகும் என்று வைத்தால், மோட்டார் மட்டுமே தூக்கினால் 35 வாட்-மணி. பாதியை நீங்கள் மிதித்துக் கொடுத்தால் பேட்டரிக்கு 17, 18தான் செலவு. உங்கள் பேட்டரியில் எத்தனை வாட்-மணி என்பது அதன் மேலேயே எழுதியிருக்கும். வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள். 36 வோல்ட், 14 ஆம்பியர்-மணி என்றால் 504.

என் வழி 6 கி.மீ. தூரம், 350 மீட்டர் உயரம். என்னுடையது 500 வாட்-மணி பேட்டரி. மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கலாம்; நடு நிலையில் வைத்து ஏறினால் 18 சதவீதம் போகிறது. உச்ச நிலையில் வைத்தால் 26. வித்தியாசம் என்ன? ஏறும் நேரத்தில் ஐந்தாறு நிமிஷம், சட்டையில் கொஞ்சம் ஈரம். அவசரம் இல்லாத நாளில் நடு நிலைதான்.

இறங்கும்போது செலவு ஏறக்குறைய பூஜ்யம். அதனால் கி.மீ. கணக்கு ஏமாற்றும். சமதளத்தில் 80 கி.மீ. ஓடும் அதே சைக்கிள் ஏற்றத்தில் 30இல் படுத்துவிடும். புது வழி போவதாக இருந்தால் மொபைலில் பாதை காட்டும் செயலியில் மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். அதை 100ஆல் வகுத்து, 25ஆல் பெருக்குங்கள். உருளும் செலவையும் சேர்த்து நான் வைத்திருக்கும் கைக்கணக்கு அது. வருகிற எண் பேட்டரியின் கொள்ளளவில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் கிளம்பலாம்.

திரையில் ‘இன்னும் 42 கி.மீ.’ என்று காட்டுகிறதே?

நம்பாதீர்கள். கடந்த சில கிலோமீட்டர்களில் எவ்வளவு செலவானது என்பதை வைத்து அது ஊகிக்கிறது. முன்னால் இருக்கும் மலை அதற்குத் தெரியாது. இறங்கி வந்த கையோடு பார்த்தால் 70 காட்டும், மேடு ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிஷம் 25 காட்டும். சதவீதம் காட்டினால் அதை மட்டும் பாருங்கள். சார்ஜைக் கட்டம் கட்டமாக மட்டும் காட்டும் திரை என்றால் மேட்டில் ஒரு கட்டம் மறைந்து, மேலே போய் நின்றதும் திரும்ப வரும். பழுது இல்லை அது. அதிக மின்னோட்டம் எடுக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் தாழும், விட்டதும் ஓரளவு மீளும்.

இறங்கும்போது சார்ஜ் ஏறுமா?

நடு மோட்டாரில் ஏறாது. இறங்கும்போது பின்சக்கரம் செயினை விட்டு விடுதலையாகச் சுற்றுகிறது, மோட்டார் சும்மா கிடக்கிறது. உள்ளே பல்சக்கரம் வைத்த சக்கர மோட்டாரிலும் பெரும்பாலும் அதே கதைதான். பல்சக்கரம் இல்லாத, கனமான நேரடிச் சக்கர மோட்டார் மட்டுமே திருப்பிச் சார்ஜ் செய்யும். அதிலும் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தாலே அதிகம். ஆனால் பிரேக் கட்டை தேய்வது நன்றாகக் குறையும், அதுதான் உண்மையான லாபம். மேட்டின் உச்சியில் வீடு இருப்பவருக்கு ஒரு சிக்கல்: இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு நிரம்பிய பேட்டரியோடு காலையில் இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்தை வைக்க இடம் இருக்காது.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டமா?

இந்தக் கேள்வியை இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். மற்ற எல்லோரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள். உண்மையில் இந்தச் சைக்கிள் வந்த பிறகு என் வழியில் கடினமான பாதி இறக்கம்தான்.

பழைய சைக்கிளைவிட இது 10 கிலோவுக்கு மேல் கனம். அதே மேட்டில் அதிக உயரத்துக்குச் சுலபமாகப் போய்விடுகிறோம், அதனால் நீளமான இறக்கங்கள் அடிக்கடி வருகின்றன. 350 மீட்டர் இறங்கும்போது 100 கிலோவுக்கு வெளிவரும் ஆற்றல் சுமார் 343 கிலோஜூல். சாதாரண வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாகப் போனால் அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிரேக் பிடித்தபடியே இறங்கினால் ஏறக்குறைய முழுவதும் அந்த இரண்டு மெல்லிய டிஸ்க் தட்டுகளுக்குள்தான் இறங்கும். கீழே வந்ததும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள், ‘சுர்’ என்று போகும்.

பழக்கத்தில் நான் மாற்றியது ஒன்று. முன்பு பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே முழு இறக்கமும் இறங்குவேன். இப்போது நேரான இடத்தில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, மறுபடி விடுகிறேன். இடைப்பட்ட நேரத்தில் டிஸ்க்குக்குக் காற்று படும். வளைவுக்குள் பிரேக் பிடிப்பதைத் தவிர்க்கிறேன். நீளமான இறக்கம் என்றால் பாதியில் இரண்டு நிமிஷம் நிற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிரேக் லீவர் வழக்கத்தைவிடக் கைப்பிடிக்கு அருகில் வருகிறது, அல்லது பிடித்தும் பிடிக்காதது போல இருக்கிறது என்றால் உடனே நிறுத்தி ஆறவிட வேண்டும்.

இன்னொன்று: புது டிஸ்க் பிரேக் வாங்கிய அன்றே முழுசாகப் பிடிக்காது. கட்டையும் தட்டும் ஒன்றோடொன்று பழக வேண்டும். ஆள் இல்லாத சமதளத்தில் 20, 25 கி.மீ. வேகத்தில் வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடக்கிற வேகம் வரை குறைப்பதை ஒவ்வொரு பிரேக்கிலும் இருபது தடவை செய்யுங்கள். இதைச் செய்யாமல் நேராக மலையிலிருந்து இறங்குவது தேவையற்ற வீரம்.

பாதி மேட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டால்?

சைக்கிள்தானே, மிதிக்கலாம். மணிக்கு 5 கி.மீ. என்று மேலே போட்ட கணக்கு அதற்குத்தான். செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். பல மாடல்களில் தள்ளும்போது நடை வேகத்தில் கூட உருண்டு வர ஒரு பொத்தான் இருக்கும், ஆனால் அதற்கும் பேட்டரி வேண்டும். அதனால் 10 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் உதவியைக் கடைசி நிலைக்கு இறக்கிவிடுவேன்.

உடற்பயிற்சி ஆகுமா? இது ஏமாற்று வேலை இல்லையா?

யாரை ஏமாற்றுகிறேன்? மூச்சு வாங்குகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, பேச முடிகிறது ஆனால் பாட முடியவில்லை. பழைய சைக்கிளில் வாரத்துக்கு இரண்டு நாள் போனேன், இப்போது ஆறு நாள் போகிறேன்.

மழையிலும் குளிரிலும்?

மழையில் ஓட்டலாம். அழுத்தத்தோடு பீய்ச்சும் குழாயில் கழுவக் கூடாது. மோட்டார் அச்சிலும் பேட்டரி இணைப்பிலும் தண்ணீர் புகுந்துவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். நனைந்த டிஸ்க் முதல் பிடியில் வழுக்கும், அதனால் மழையில் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு தடவை லேசாகப் பிடித்து ஈரத்தைப் போக்கிவிடுங்கள்.

குளிரில் லித்தியம் பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் கொடுக்காது. சூடானதும் திரும்ப வந்துவிடும், பயப்பட வேண்டாம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் மட்டும் போடக் கூடாது, அது நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

டபுள்ஸ் போகலாமா, சுமை ஏற்றலாமா?

சட்டத்தில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடையைப் பாருங்கள். அதில் உங்கள் எடை, சைக்கிளின் எடை எல்லாம் சேர்த்தியா என்றும் பாருங்கள். சட்டம் என்று நான் சொல்வது சைக்கிளின் ஃபிரேமை! கூடுதல் 10 கிலோ ஒவ்வொன்றும் 100 மீட்டர் உயரத்துக்கு 2.7 வாட்-மணி கூடுதல் வேலை. பேட்டரிக்கு அது பெரிய விஷயம் இல்லை. பிரேக்குக்குப் பெரிய விஷயம்.

சார்ஜ் போடுவதில் கவனிக்க வேண்டியது?

ஏறி வந்த சூட்டோடு உடனே போடாதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும். கூடவே வந்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். தினசரிக்கு 80, 90 சதவீதம் போதும் என்றால் அதோடு நிறுத்துவது பேட்டரிக்கு நல்லது. வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்துவிடுங்கள்.

ஆறு வாரத்தில் என்ன பழுது வந்தது?

பழுது என்று எதுவும் இல்லை, தளர்ச்சிதான். இரண்டாவது வாரம் மேட்டில் மிதிக்கும்போதெல்லாம் பின்சக்கரத்திலிருந்து ‘டிங்’ என்று ஒரு சத்தம். ஸ்போக்ஸ் கம்பிகளைப் பக்கத்துப் பக்கத்துக் கம்பியோடு சேர்த்துக் கிள்ளிப் பார்த்தேன், நாலைந்து தொளதொளவென்று இருந்தன. புதுச் சக்கரத்தில் இது வழக்கம், முதல் 200 கி.மீ. சுற்றில் ஒரு தடவை இறுக்கிவிட வேண்டும். கியர் கேபிளும் கொஞ்சம் நீண்டு, மாறும்போது தடுமாறியது. திருகைக் கால் சுற்றுத் திருப்பியதும் சரியானது. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) போல்ட், ஹேண்டில் போல்ட் இரண்டையும் ஒரு தடவை சரிபார்த்தேன்.

பின் பிரேக் கட்டை பாதிக்கு வந்துவிட்டது. என் பழைய பழக்கம் அது, பிடித்தபடியே இறங்கிய முதல் இரண்டு வாரத்தின் கைங்கரியம். செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்கும் சின்ன அளவுகோல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நடு மோட்டாரில் செயின் சீக்கிரம் தேயும்; காலத்தில் மாற்றினால் செயினோடு போகும், விட்டுவிட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

வாங்குவதற்கு முன் எப்படி ஓட்டிப் பார்ப்பது?

கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். அங்கே எல்லாச் சைக்கிளும் நன்றாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் மேட்டுக்குக் கொண்டுபோங்கள். நடு மேட்டில் வேண்டுமென்றே நின்று கிளம்பிப் பாருங்கள். மிகச் சின்ன கியரில், உதவி இல்லாமல் அந்த மேட்டில் ஐம்பது மீட்டராவது மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பாருங்கள். அப்புறம் மோட்டாரை அணைத்துவிட்டு, வீட்டுப் படியில் ஏற்றுவது போல ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை நான் செய்யவில்லை. எனக்கு வீட்டு வாசலில் ஐந்து படி.

பழைய சைக்கிளை என்ன செய்தீர்கள்?

வீட்டில்தான் இருக்கிறது. போன வாரம் காற்றடித்து எடுத்துக்கொண்டு போனேன், ஆறு வாரமாக மிதித்த கால் ஆயிற்றே என்று ஒரு நம்பிக்கை. மதகு வந்தது. இறங்கிவிட்டேன்.